பச்சை வட்டம்

அந்தப் பெட்டில கை வைக்காதே தம்பி. பூட்டு என்னுது. கம்பம் பஞ்சாயத்துது, லைட்டு பஞ்சாயத்துது, கரண்டு கவர்மென்டுது, எல்லாம் சரி. பூட்டு மட்டும் நான் ராயக்கோட்டைல வாங்கினது. சாவி என் இடுப்புல இருக்கு. முதல்ல அந்த ஏணியைக் கீழ சாய்ச்சு வை. வண்டியை நிழல்ல விடு. இப்படி வந்து கல்லு மேல உட்காரு. தண்ணி குடிக்கறியா?

புதுசா வந்திருக்கே போல. அதான் பார்த்தேன். பழைய லைன்மேனா இருந்தா பூட்டைத் தொட்டிருக்க மாட்டான். தூரத்துலயே வண்டியை நிறுத்திட்டு, 'பத்மாக்கா, வரலாமா?'ன்னு கேட்பான்.

யார் அனுப்பினாங்கன்னு நீ சொல்ல வேணாம். அதோ ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாமந்திக் கொல்லை தெரியுதில்ல, அது திம்மராஜு கொல்லை. அவன் பொண்டாட்டி நாகவேணி. ரெண்டு பேரும் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கறது எனக்குத் தெரியாதா? லைட்டை அணைக்கணும், அதுவும் இன்னிக்கே அணைக்கணும். அதானே? நீ எதுவும் சொல்லாதே. நான் பேசி முடிச்சிடறேன், அப்புறம் நீ பேசு. வேலைல இருக்கற பையன், ரெண்டு பக்கமும் கேட்டுட்டுப் போ. என் பக்கம் கேட்க இது வரைக்கும் யாரும் வந்ததில்ல.

நீ எந்த ஊரு? அரூரா. அங்க மஞ்சளும் மரவள்ளியும்தான். அப்ப உனக்குச் சாமந்தி தெரியாது. சாமந்திக்கு இருட்டு வேணும் தம்பி. தண்ணி, உரம், மருந்து எல்லாம் கொடுத்துட்டு ராத்திரி இருட்டைக் கொடுக்கலைன்னா மொக்கு வைக்காது. நீளமான ராத்திரி. நடுவுல வெளிச்சம் படக் கூடாது. பட்டுச்சுன்னா இன்னும் பகல் நீளமாத்தான் இருக்குன்னு செடி நினைச்சுக்கும். நினைச்சுக்கிட்டு வளர்ந்துக்கிட்டே போகும். தண்டு நீளும், இலை விடும், பூ மட்டும் வராது.

அதை வச்சுத்தான் இங்க எல்லார் பொழைப்பும் நடக்குது. நாத்து நட்டு வேர் பிடிச்சதும் கொல்லை பூரா கம்பி இழுத்து பல்பு கட்டுவாங்க. ராத்திரில எரிய விடுவாங்க. பஸ்ல போறவங்க ஏதோ திருவிழான்னு எட்டிப் பார்ப்பாங்க. திருவிழா இல்ல, செடியை ஏமாத்தற வேலை. அப்படி ஏமாத்தலைன்னா முழங்கால் உசரம்கூட வராம, குட்டையா நின்னு நாலு பூ பூத்துட்டு ஓய்ஞ்சு போயிடும். வேணுங்கற உசரம் வந்ததும் ஒரு நாள் பாத்து பல்பை நிறுத்திடுவாங்க. அன்னைலேருந்து ரெண்டு மாசத்துல பூ. பொங்கலுக்குப் பூ வேணும்னா கார்த்திகை பொறக்கும்போது நிறுத்தணும். இப்ப கார்த்திகை பொறந்தாச்சு. அதான் அவங்களுக்கு இன்னிக்கே அணைக்கணும். தள்ளிப் போச்சுன்னா பொங்கல் கழிச்சுப் பூக்கும். பொங்கல் கழிச்ச சாமந்தியை மாட்டுக்குத்தான் போடணும். மாடும் தின்னாது.

இதெல்லாம் தெரியாமத்தான் நான் லைட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்னு உன்கிட்ட சொல்லியிருப்பாங்க. எனக்கு எல்லாம் தெரியும். நானும் சாமந்தி போட்டவதான்.

என் பையன் பேரு யுவராஜ். ஒரே பையன். அவங்கப்பா அவனுக்கு விவரம் தெரியறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. ஓசூர்ல கம்பெனில வேலை பார்த்தான். ரெண்டாவது ஷிப்ட்டு முடிச்சுட்டு வண்டில வருவான். மூணு வருஷம் முன்னாடி, தீபாவளி முடிஞ்சு, இதே கார்த்திகை பொறந்த சமயம். இந்த வளைவுல ரோடு திரும்புச்சு, வண்டி திரும்பலை. நேரா திம்மராஜு கொல்லைக்குள்ள போயி, நாலாவது வரிசைல விழுந்தான். செடி அப்ப இடுப்பு உசரம். விழுந்தவனை மூடிக்கிச்சு.

இப்ப சொல்றேன், நல்லா கேட்டுக்கோ. அதுக்கு முந்தின வாரம் வரைக்கும் அந்தக் கொல்லைல பல்பு எரிஞ்சுக்கிட்டிருந்தது. வரிசை வரிசையா. எறும்பு போனாத் தெரியும், அப்படி ஒரு வெளிச்சம். அந்த வாரம்தான் நிறுத்தினான். பூ வேணுமில்ல, நிறுத்தினான்.

கடைசி பஸ் இந்த வழியாப் போயிருக்கு. பால் வண்டி போயிருக்கு. யாரும் பார்க்கலை. பார்க்கறதுக்கு இருட்டைத் தவிர ஒண்ணும் இல்ல. நாகவேணி வீட்டு நாய் குரைச்சுதாம். அவளே சொன்னா, துக்கத்துக்கு வந்து உட்கார்ந்து அழுதப்ப. 'நாய் விடாம குரைச்சுது அக்கா. காட்டுப்பன்னின்னு நினைச்சோம்'னா. நினைச்சாங்களாம். எழுந்து ஒரு டார்ச்சு அடிச்சுப் பார்க்க என்ன? பன்னியா இருந்தா செடியை மேஞ்சுடாதா? அந்தச் செடிக்காகவாவது எழுந்திருக்கலாமில்ல?

விடிஞ்சப்புறம் தண்ணி திறந்து விடப் போன திம்மராஜுதான் பார்த்தான். அப்ப மூச்சு இருந்தது. அதையும் சொல்லிடறேன், நான் எதையும் மறைக்கறவ இல்ல. தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தான். அவன் டெம்போலயே ஓசூர் கொண்டு போனான். சாயந்திரம் வரைக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னான், சட்டை பூரா ரத்தத்தோட. நின்னான், சரி. அவன் கொல்லைலதானே என் பையன் விழுந்தான்? நிக்காம எங்க போவான்?

டாக்டர் சொன்னாரு, 'கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்மா.' கொஞ்சம்னா எவ்வளவுன்னு நான் கேட்கலை.

எனக்கு அவங்க மேல கோபம் கிடையாது. ஊர்ல யாரை வேணா கேட்டுக்கோ. கோபம் இருந்தா அன்னிக்கே காட்டியிருப்பேன். நான் என்ன கேட்டேன்? ஒரு லைட்டு கேட்டேன். திங்கக்கிழமையானா கிருஷ்ணகிரி போயி கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தேன். கடைசில அங்க இருக்கற பியூனே என்னைப் பார்த்துட்டு, 'லைட்டு அம்மா வந்தாச்சு'ன்னு உள்ள சொல்லுவான். சிரிச்சுக்கட்டும்னு விட்டேன். கம்பம் வந்தது. எங்க நடறதுன்னு கேட்டாங்க. வளைவுக்கு முன்னாடி நட்டாத்தான் ரோட்டுக்கு நல்லா விழும்னு அந்த எஞ்சினியர் சொன்னாரு. அவருக்கு என்ன தெரியும்? நானே போயி நின்னு காட்டினேன், இங்கதான்னு.

லைட்டு வந்த முத வருஷப் பொங்கல் நீ பார்த்திருக்கணும். சுத்தி எல்லாக் கொல்லையும் மஞ்சளா விரிஞ்சு கிடக்கு. திம்மராஜு கொல்லையும் ஓரத்துல மஞ்சள். நடுவுல, லைட்டு விழற இடம் மட்டும், காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரி ஒரு பச்சை வட்டம். செடி நெஞ்சு உசரம் நிக்குது. ஒரு மொக்கு கிடையாது. என் வீட்டு மாடில நின்னா அப்படியே தெரியும். பஸ்ல போறவங்க எழுந்து நின்னு பார்ப்பாங்க. 'அங்க மட்டும் ஏன் பூக்கலை?'ன்னு கேட்பாங்க. கண்டக்டர் சொல்லுவாரு, 'அந்த லைட்டைப் பாருங்க. பத்மாக்கா பையன் அங்கதான்.' நானே பஸ்ல இருந்து கேட்டிருக்கேன். தினமும் யாராவது ஒருத்தர் கேட்டாங்க தம்பி. தினமும்.

அவங்களுக்கு மொத்தமே அரை ஏக்கர். அதுல சரிபாதி அந்த வட்டத்துல போயிடுச்சு. பொங்கல் பூவை நம்பித்தான் அவங்க வருஷமே ஓடும். அதுக்கு நான் என்ன செய்யறது?

அந்த வருஷம் மொக்கு வைக்கறதுக்கு முன்னாடியே நாகவேணி வந்தா. அப்பவெல்லாம் மரியாதையாத்தான் வந்தா. வாசல்லயே நின்னா.

'அக்கா, ஒரு மாசம் மட்டும். மொக்கு வச்சுட்டா போதும். அப்புறம் விடிய விடிய எரியட்டும்.'

'அந்த ஒரு மாசத்துல இன்னொரு பையன் வந்து விழுந்தா?'

'ரோட்டோரமா நாங்களே சின்ன பல்பா கட்டித் தர்றோம் அக்கா. கீழ பார்த்த மாதிரி. செலவு எங்களுது.'

'உன் பல்பை நான் பார்த்திருக்கேன் நாகவேணி. உனக்கு வேணுங்கறப்ப எரியும், வேணாங்கறப்ப அணைஞ்சுடும்'னேன்.

அவ்வளவுதான். போயிட்டா. நான் தப்பா எதுவும் சொல்லலையே?

போன வருஷம் திம்மராஜு மூங்கில் நட்டு, ரோட்டோரம் நீளமா கறுப்புத் தார்ப்பாய் கட்டினான். வெளிச்சம் கொல்லைல விழாம. நான் பஞ்சாயத்துல மனு கொடுத்தேன். வளைவுல தார்ப்பாய் கட்டினா எதிர்ல வர்ற வண்டி தெரியாது, பஸ் டிரைவருங்க கஷ்டப்படறாங்கன்னு. டிரைவருங்க யாரும் சொல்லலை, நான்தான் சொன்னேன். பொது விஷயத்துல யாராவது சொல்லித்தானே ஆகணும்? பஞ்சாயத்துலேருந்து வந்து அவுத்துட்டாங்க. அன்னிக்குச் சாயந்திரம் திம்மராஜு நடு ரோட்டுல நின்னுக்கிட்டு கத்தினான். 'உன் பையனை நானா தள்ளி விட்டேன்? சொல்லு! ஊருக்கு முன்னாடி சொல்லு!'ன்னு. தோள்ல கிடந்த துண்டு கீழ விழுந்ததுகூடத் தெரியாம கத்தினான். நான் நேரமாச்சுன்னு போயி லைட்டைப் போட்டேன்.

அப்புறம் யாரோ பெட்டிலேருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிட்டாங்க. யாருன்னு தெரியும், சொல்ல மாட்டேன். அன்னைலேருந்துதான் பெட்டிக்கு இந்தப் பூட்டு. சாயந்திரம் நான்தான் போடறேன், விடிஞ்சா நான்தான் அணைக்கறேன். காய்ச்சல்னாலும் வந்துடுவேன்.

திம்மராஜு இப்ப ஓசூர்ல ஏதோ கம்பெனில செக்யூரிட்டியா இருக்கான். நைட் டூட்டி. கேட்டுல நல்ல வெளிச்சத்துல உட்கார்ந்திருப்பான். கொல்லையை அவதான் பார்த்துக்கறா.

என்ன? தகரமா? நீயுமா தம்பி?

பஞ்சாயத்துத் தலைவரும் இதைத்தான் சொன்னாரு. பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டு, எல்லாரையும் கூப்பிட்டு வச்சு, 'லைட்டு ரோட்டுக்குத்தானே பத்மா? கொல்லைப் பக்கம் ஒரு தகரம் அடிச்சு மறைச்சுட்டா உனக்கும் ஆச்சு, அவங்களுக்கும் ஆச்சு'ன்னாரு. ஆகா, எவ்வளவு சுலபம்னு எல்லாரும் தலையை ஆட்டினாங்க. நான் ஆட்டலை. நாகவேணி அக்கா தங்கச்சி எல்லாம் என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. நான் எழுந்து வந்துட்டேன்.

ரோட்டுல யார் விழுந்தாங்க தம்பி? ரோட்டுல யாரும் விழலை. அவன் கொல்லைல விழுந்தான். வெளிச்சம் எங்க விழணும்? நீ லைட்டு வேலை பார்க்கறவன், நீயே சொல்லு.

இந்த வருஷம் நாகவேணி என்கிட்ட கேட்கவே இல்ல. எதிர்ல வந்தா அக்காங்கறா, அவ்வளவுதான். பல்பெல்லாம் கழட்டிட்டா, கவனிச்சேன். கம்பியைச் சுருட்டி வச்சுட்டா. சரி, அவ பக்கத்து இருட்டு வந்தாச்சு, இனி என் பக்கத்துக்கு ஆள் வரும்னு காத்துக்கிட்டிருந்தேன். நீ வந்துட்டே.

இரு, இரு. அங்க என்ன அது? வட்டத்துக்குள்ள ஆளுங்க குனிஞ்சு நிக்கறாங்களே. களை எடுக்கறாங்களா? எனக்குத் தூரத்துல அவ்வளவா தெரியறதில்ல. உனக்கு நல்ல கண்ணு, எழுந்து பாரு.

பிடுங்கறாங்களா? எதை? நல்லா பாரு. செடியையா? சாமந்திச் செடியையா?

நாகவேணி! ஏய் நாகவேணி! இங்க வா! வாம்மா இப்படி!

வர்றா பாரு. கை பூரா மண்ணு. நீ ஒண்ணும் பேசாதே தம்பி, நான் கேட்கறேன்.

என்ன பண்றே அங்க? இன்னும் பூக்கவே இல்ல, அதுக்குள்ள எதுக்குப் பிடுங்கறே?

தக்காளியா?

கேட்டியா தம்பி? தக்காளி போடறாங்களாம். தக்காளிக்கு ராத்திரி வெளிச்சம் பட்டாலும் ஒண்ணுதான், படலைன்னாலும் ஒண்ணுதானாம். 'உங்க லைட்டு நல்லா எரியட்டும் அக்கா, நாங்க இனிமே அந்தப் பேச்சே எடுக்க மாட்டோம்'ங்கறா. முகத்துல கோபம்கூட இல்ல பாரு.

மனுவை வாபஸ் வாங்கியாச்சா? எப்போ? அப்ப நீ எதுக்குத் தம்பி வந்தே? பல்பு மங்கலா எரியுதுன்னு மாத்தவா? மாத்தச் சொல்லி நான் கொடுத்த மனுவுக்கா?

வந்ததும் சொல்றதுக்கென்ன? நான் விடலையா. சரி.

சிரிக்காதே. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைக்கறியா? யோசிச்சுப் பாரு, அடுத்த பொங்கலுக்கு பஸ்ல போறவங்க என்ன பார்ப்பாங்க? தக்காளி. தக்காளியை யார் எழுந்து நின்னு பார்ப்பாங்க? கண்டக்டரை யார் கேட்பாங்க? அந்தச் செடி பூக்காம நின்னாத்தானே இங்க லைட்டு எரியுதுன்னு இவங்களுக்கெல்லாம் தெரியும்?

இல்ல. நான் அப்படிச் சொல்ல வரலை நாகவேணி. வேற எதையோ சொல்ல வந்தேன்.

என்ன சொன்னே? மறுபடி சொல்லு. எந்த இடம்?

நடறதே இல்லையா?

மூணு வருஷமாவா?

தம்பி, இவ சொல்றதைக் கேளு. அவன் விழுந்த இடத்துல, நாலாவது வரிசைல, ஒரு ஆள் நீளத்துக்கு நாத்தே நடறதில்லையாம். மண்வெட்டி போடறதில்லையாம். திம்மராஜு முத வருஷமே சொல்லிட்டானாம், அங்க யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு. தக்காளி போட்டாலும் அங்க போட மாட்டாங்களாம், அதுக்கு நான் கவலைப்பட வேணாமாம்.

நான் பார்த்ததே இல்லையே. தினமும் மாடில நின்னு பார்க்கறேன், ஒரு காலி இடம் என் கண்ணுல பட்டதில்ல. எப்படிப் படும்? சுத்தி நிக்கற செடி நெஞ்சு உசரம். என் லைட்டுல வளர்ந்த செடி.

நாகவேணி, இந்தக் கல்லுல கொஞ்சம் உட்காரேன். வேணாமா? சரி, நில்லு.

எவ்வளவு பிடுங்கியாச்சு? பாதியா? மிச்சத்தை விடேன். இன்னிக்கு அணைச்சா பொங்கலுக்கு வந்துடுமில்ல? நீ சொல்லு, வருமா, வராதா? பாதி வட்டமாவது வருமில்ல? தலையை ஆட்டாதே, வாயைத் திறந்து சொல்லு.

கொல்லைக்குத் திரும்பிப் போறா. போகட்டும். தம்பி, அவ அங்க போனதும் அந்த ஆளுங்க என்ன பண்றாங்கன்னு பார்த்துச் சொல்லு. குனிஞ்சு நிக்கறாங்களா, நிமிர்ந்துட்டாங்களா?

நிமிர்ந்துட்டாங்களா. நல்லா பார்த்தியா?

இந்தா சாவி. பிடி. பியூஸைக் கழட்டி நீயே எடுத்துக்கிட்டுப் போ, என்கிட்ட கொடுக்காதே. என் கையில இருந்தா சாயந்திரம் ஆனதும் நான் வந்து மாட்டிடுவேன். ஒரு மாசம் கழிச்சு, மொக்கு வந்தப்புறம் கொண்டு வா. வரும்போது ஒரு தகரமும் கொண்டு வா. கொல்லைப் பக்கம் அடிக்கறதா வேணாமாங்கறதை அப்ப பேசிக்கலாம். நான் இன்னும் சரின்னு சொல்லலை.

கழட்டிட்டியா. சரி, கிளம்பு. பொழுது சாயுது. இன்னிக்கு இந்த வளைவுல வெளிச்சம் கிடையாது.

நில்லு. உன் வண்டில முன் லைட்டு எரியுதா? சும்மா எரியுதுங்காதே, போட்டுக் காட்டு. பகல்ல தெரியாது, கையை முன்னால வச்சுப் பாரு. கையில வெளிச்சம் விழுதா?

விழுதில்ல? யுவராஜ் வண்டில விழாது தம்பி. ரொம்ப நாளாவே விழாது.

சரி, போ. திரும்பறப்ப மெதுவாத் திரும்பு.